ஊசியா, மாத்திரையா, பழைய சோறா: பி12 குறைஞ்சப்போ எங்க வீட்ல நடந்த பஞ்சாயத்து

அம்மாவுக்கு வைட்டமின் பி12 கம்மின்னு முதல்ல சொன்னது டாக்டர் இல்ல, செருப்பு. மாயவரம் பட்டமங்கலத் தெருவுல நானும் அம்மாவும் நடந்து வர்றோம், பின்னாடிலேருந்து பூக்காரம்மா கத்துறாங்க, "யம்மா செருப்ப விட்டுட்டுப் போறீங்களே"ன்னு. திரும்பிப் பாத்தா அம்மாவோட எடது கால் செருப்பு பத்தடி பின்னால கிடக்கு, அம்மா வெறுங்கால்ல நடந்து வந்துருக்காங்க, அவங்களுக்குத் தெரியவே இல்ல. மத்தியானம் பன்னெண்டு மணி வெயில். "தரை சுடலையாம்மா உனக்கு"ன்னு கேட்டேன், "சுட்டாத்தானடி தெரியும்"னு சிரிக்கிறாங்க. எனக்கு சிரிப்பு வரல.

அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷமா காலு எரியுது, பாதத்துல பஞ்சு வெச்ச மாதிரி இருக்குன்னு சொல்லிட்டேதான் இருந்தாங்க. பக்கத்துல ஒரு கிளினிக்ல காட்டினோம், "சுகர் பேஷன்ட்தானே, அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி ஒரு நரம்பு மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, அதுல பிரிகாபலின் இருந்துச்சு, எரிச்சல் கொஞ்சம் அடங்குச்சு, ஆனா அம்மா பகல் பூரா தூக்கக் கலக்கத்துல சுவத்தைப் புடிச்சிட்டு நடந்தாங்க. எரிச்சல் தெரியாம இருக்கறதும் நரம்பு சரியாகறதும் வேற வேறன்னு அப்ப எனக்குத் தெரியாது. ஒரு பி12 டெஸ்ட் எழுதியிருந்தா போதும், யாரும் எழுதல, நாங்களும் கேக்கல. செருப்பு சம்பவத்துக்கு அப்புறம் நானே லேப்ல போய் பி12 எடுக்கச் சொன்னேன். 148 வந்துச்சு (மில்லிக்கு பிகோகிராம் கணக்குல). பொதுவா லேப்ல 200க்கு கீழ போனா குறைபாடு, 200லேருந்து 300 வரைக்கும் சந்தேகக் கேஸ்.

ரிப்போர்ட்ட குடும்ப குரூப்ல போட்டதுதான் நான் பண்ண தப்பு. பெங்களூர் அண்ணன் "உடனே ஊசி போடு, மாத்திரை எல்லாம் வேஸ்ட்"னான். அத்தை "பழைய சோத்துல இல்லாத பி12ஆ, காலைல நீராகாரம் குடுங்க"ன்னாங்க. சித்தப்பா சுருள்பாசி (ஸ்பைருலினா) பொடி லிங்க் அனுப்பினாரு. அண்ணி "முட்டையாவது சாப்பிடலாமே அத்தை"ன்னாங்க, நாங்க சைவம், அம்மா அந்த மெசேஜைப் பாத்த மாதிரியே காட்டிக்கல. இந்தக் கூத்துக்கு நடுவுல என் மாமனார், நாகப்பட்டினத்துக்காரர், நாள் தவறாம மீன் சாப்புடுறவர், "எனக்கும் பாத்துடு"ன்னு கேலியா டெஸ்ட் எடுத்தாரு. அவருக்கு 160. மொத்த குரூப்பும் ஒரு நாள் அமைதி.

ரெண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே நம்பர், ஆனா கடைசில அம்மாவுக்கு ஒரு வழி, மாமனாருக்கு வேற வழின்னு ஆச்சு. அது ஏன்னு புரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு, ஒரு நல்ல டாக்டர் பொறுமையா உக்காந்து பேசினதும் உதவுச்சு. அதைத்தான் எழுதறேன். நான் டாக்டர் இல்ல, உங்க வீட்டு கேஸுக்கு உங்க டாக்டர்தான், ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சிட்டுப் போனா நல்லது.

முதல்ல சாப்பாடு. ஏன்னா எல்லாரும் இதைத்தான் முதல்ல சொல்லுவாங்க, மருந்து இல்லாம சரியாயிட்டா நல்லதுதானேன்னு. பி12ங்கறதை செடியும் செய்யாது, ஆடு மாடும் செய்யாது, நாமளும் செய்ய மாட்டோம், பாக்டீரியா மாதிரி நுண்ணுயிர்தான் செய்யும். மாட்டோட வயித்துல இருக்கற பாக்டீரியா செஞ்சு கறிக்கும் பாலுக்கும் போகுது, கடல்ல நுண்ணுயிர் செஞ்சு மீனுக்குப் போகுது. காய்கறி, பருப்பு, கீரைல கிடையாது. முருங்கைக்கீரை எவ்வளவு நல்லதா இருந்தாலும் இந்த ஒரு விஷயத்துல பூஜ்யம். நமக்கு ஒரு நாளைக்குத் தேவை ரெண்டு ரெண்டரை மைக்ரோகிராம்தான், உப்புக்கல்ல ஆயிரமா உடைச்சா வர்ற தூசி மாதிரி ஏதோ ஒண்ணு, அந்தத் தூசிதான் நரம்பு மேல இருக்கற உறைய காப்பாத்துது, ரத்த அணு ஒழுங்கா பிரியறதுக்கும் அதுதான் வேணும்.

பழைய சோத்துக்கு வர்றேன், இல்லன்னா அத்தை விட மாட்டாங்க. "பழைய சோத்துல பி6 பி12 கொட்டிக் கிடக்கு"ன்னு ஒரு ஃபார்வர்ட் வருஷக்கணக்கா சுத்துது. பழைய சோறு வயித்துக்கு நல்லது, எனக்கும் சின்ன வெங்காயத்தோட ரொம்பப் பிடிக்கும், ஆனா சோத்தைப் புளிக்க வைக்கிற பாக்டீரியா எல்லாமே பி12 செய்யற பாக்டீரியா கிடையாது. அங்கங்க ஏதோ ஒண்ணு கொஞ்சம் செஞ்சாலும் அதை நம்பி ஒரு குறைபாட்டை சரி பண்ற அளவுக்கு வராது. இட்லி மாவுக்கும் இதே கதைதான். சித்தப்பாவோட சுருள்பாசி இன்னும் மோசம், அதுல பெரும்பாலும் இருக்கறது போலி பி12, பாக்க அதே மாதிரி இருக்கும், நம்ம உடம்புல வேலை செய்யாது, சாதாரண டெஸ்ட்ல சில சமயம் பி12 மாதிரியே கணக்குல வந்து ஏமாத்தும்.

சைவத்துல உருப்படியா இருக்கறது பாலும் தயிரும் மோரும் பனீரும்தான். 100 மில்லி பால்ல சுமாரா 0.4 மைக்ரோகிராம். அம்மாவோட கணக்கைப் போட்டுப் பாத்தேன், காலைல ஒரு காபி, சாயங்காலம் ஒரு காபி, ரெண்டுக்கும் சேத்து 150 மில்லி பாலு, மத்தியானம் ரெண்டு கரண்டி மோர், அதுல பாதி தண்ணி. எப்படிப் பாத்தாலும் ஒரு மைக்ரோகிராம் தாண்டல. அதுலயும் எங்க வீட்ல பால் காலைல ஒருதடவை பொங்கும், பதினோரு மணிக்கு ஒருதடவை, சாயங்காலம் ஒருதடவை, திரும்பத் திரும்பக் காய்ச்சக் காய்ச்ச பி12ல ஒரு பங்கு போயிடும். "பால் சாப்பிடறோமே நாங்க"ன்னு சொல்ற சைவக் குடும்பங்கள் ஒருதடவை இப்படி மில்லி கணக்குல எழுதிப் பாருங்க, நம்ம ஊர்ல பால் சாப்பிடறதுன்னா பெரும்பாலும் காபிக்கு நிறம் மாத்தறதுதான். தினம் அரை லிட்டர் பாலும் தயிருமா உள்ள போனா தேவையைத் தொடலாம், ஆனா அது தேவையைத் தொடற அளவு, காலியான தொட்டியை ரொப்பற அளவு இல்ல.

அசைவத்துல ஈரல்தான் ராஜா, ஆட்டு ஈரல் 100 கிராம்ல ஒரு வாரத் தேவைக்கு மேலயே இருக்கு. மத்தி மீன் 100 கிராம்ல எட்டு ஒன்பது மைக்ரோகிராம். எல்லாரும் சத்துன்னு நினைக்கிற பிராய்லர் கோழி கறில ரொம்பக் கம்மி, 100 கிராமுக்கு 0.3 அவ்வளவுதான். ஒரு முட்டைல அரை மைக்ரோகிராம், அதுவும் மஞ்சக்கருல, முட்டைல இருக்கறது உடம்புல சரியா ஏறாதுங்கறது வேற. வெள்ளைக்கருவை மட்டும் சாப்பிட்டுட்டு ஜிம்முக்குப் போற தம்பிகள் கவனிக்க.

ரேஷன் அரிசியையும் இதுல சேக்கணும், ஏன்னா அதுல சில வருஷமா செறிவூட்டப்பட்ட அரிசி கலந்து வந்துச்சு, இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 மூணும் சேத்தது. நிறைய வீட்ல அந்த வேற நிறத்துல இருக்கற அரிசியைப் பாத்து பிளாஸ்டிக் அரிசின்னு பயந்து பொறுக்கி வெளிய போட்டுடறாங்க, நானே எங்க தெருல பாத்துருக்கேன். பிளாஸ்டிக் இல்ல, போடாதீங்க. ஆனா அதுல இருக்கறது கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம் வாக்குலதான், நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா 0.3. நல்லதுதான், ஆனா 148ஐ தூக்காது.

சரி, இவ்வளவு மீன் சாப்பிட்ட மாமனாருக்கு ஏன் குறைஞ்சுச்சு? இங்கதான் எனக்கு விஷயமே புரிய ஆரம்பிச்சுது.

ரொம்பப் பழைய கதை ஒண்ணு இருக்கு. 1920கள்ல ஒரு வகை ரத்தசோகை வந்தா செத்தே போவாங்க, மருந்து கிடையாது. 1926ல அமெரிக்காவுல மைனாட், மர்ஃபின்னு ரெண்டு டாக்டர்கள் நோயாளிங்களுக்கு தினம் கால் கிலோ வரைக்கும் ஈரலை லேசா வேகவெச்சு சாப்பிட வெச்சுப் பொழைக்க வெச்சாங்க, ஈரல் ஆராய்ச்சில முன்னாடியே இருந்த விப்பிளையும் சேத்து மூணு பேருக்கும் 1934ல நோபல் பரிசு கிடைச்சுது. அப்ப பாஸ்டன்ல இருந்த வில்லியம் காஸில்னு ஒரு இளம் டாக்டருக்கு ஒரு சந்தேகம், நமக்கு ஏன் தினம் கால் கிலோ ஈரல் தேவைப்படல, இவங்களுக்கு மட்டும் ஏன்னு. அவர் பண்ணது கொஞ்சம் அருவருப்பான வேலை, சாப்பிட்டுட்டு இருக்கறவங்க அடுத்த பாராவுக்குப் போயிடுங்க. 300 கிராம் கறியை அவரே சாப்பிட்டு, ஒரு மணிநேரம் வயித்துல வெச்சிருந்து, வெளிய எடுத்து, அதை நோயாளிக்கு டியூப் வழியா உள்ள விட்டாரு. தினமும். நோயாளிக்கு ரத்தம் ஊற ஆரம்பிச்சுது. அதே கறியை நேரா கொடுத்தப்போ ஒண்ணும் ஆகல. அப்ப கறில இருக்கறது ஒண்ணு, ஆரோக்கியமான வயிறு சுரக்கறது இன்னொண்ணு, ரெண்டும் சேந்தாத்தான் வேலை ஆகுதுன்னு கண்டுபுடிச்சாரு. கறில இருந்ததுதான் பின்னாடி பி12ன்னு ஆச்சு, 1948ல செவப்பு செவப்பா படிகமாப் பிரிச்சு எடுத்தாங்க. வயிறு சுரக்கறது ஒரு புரதம், அது பி12ஐ கையப் புடிச்சு சிறுகுடலோட கடைசி வரைக்கும் கூட்டிட்டுப் போய் உள்ள விடும், கல்யாண மண்டபத்துல வாசல்ல வரவேத்து பந்தில கொண்டு உக்கார வைக்கிற மாமா மாதிரி.

அந்த மாமாவுக்கு ஒரு நேரத்துல ரெண்டு கைதான். ஒரு வேளைக்கு ஒன்றரை, ரெண்டு மைக்ரோகிராமுக்கு மேல அவரால கூட்டிட்டுப் போக முடியாது, அடுத்த சுத்துக்கு சில மணிநேரம் ஆகும். அதுக்கும் முன்னாடி, மீன்ல கறில இருக்கற பி12 புரதத்தோட ஒட்டிட்டு இருக்கும், வயித்து அமிலம் இருந்தாத்தான் பிரிஞ்சு வரும். என் மாமனார் பத்து வருஷமா காலைல எழுந்ததும் கேஸ் மாத்திரை போடறவர், பான்டோப்ரசோல். யாரோ எப்பவோ ஒரு மாசத்துக்கு எழுதிக் கொடுத்தது, இவர் பாட்டுக்கு கடைல வாங்கிப் போட்டுட்டே இருக்காரு. வயசும் 71, வயசானா வயித்து அமிலம் தானாவே கம்மியாகும். அதனால மீன் உள்ள போகுது, பி12 பிரியாமலே வெளிய போகுது.

அம்மாவுக்கு காரணம் ரெட்டை. ஒண்ணு சைவம், பால் கணக்கு மேல சொன்னேன். ரெண்டு, பதினாலு வருஷமா சுகருக்கு மெட்ஃபார்மின், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. இந்த மாத்திரை சிறுகுடல் கடைசில பி12 உறிஞ்சறதைக் குறைக்கும், டோஸ் அதிகமா இருந்தா, வருஷம் அதிகமா ஆனா இன்னும் குறைக்கும். 2022ல பிரிட்டனோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு இதை வெளிப்படையாவே டாக்டர்களுக்கு அறிவிச்சுது, மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களுக்கு அறிகுறி இருந்தா பி12 பாருங்கன்னு. இதுக்காக மெட்ஃபார்மினை நிறுத்திடாதீங்க, அது நல்ல மருந்து, கூட பி12ஐ சேத்துக்கிட்டா முடிஞ்சுது. அம்மா விஷயத்துல இன்னொரு சிக்கல், உடம்புல, முக்கியமா கல்லீரல்ல, ரெண்டுலேருந்து அஞ்சு மில்லிகிராம் வரைக்கும் சேமிப்பு இருக்கும், அது மூணு நாலு வருஷம் தாங்கும், அதனால குறையறது தெரியவே தெரியாது, தெரியும்போது நாள் கடந்திருக்கும்.

இப்ப மாத்திரை. என் அண்ணன் "வேஸ்ட்"னு சொன்னது. அவன் மட்டும் இல்ல, "வயித்துலதான் கோளாறுன்னா வாய் வழியா கொடுத்து என்ன பிரயோஜனம்"னு கேக்கறது நியாயமாத்தான் தோணும், நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா அந்த வரவேற்பு மாமா இல்லாமலே, கூட்டத்தோட கூட்டமா குடல் சுவர் வழியா நுழையறது நூத்துக்கு ஒண்ணு உண்டு. 2 மைக்ரோகிராம்ல நூத்துக்கு ஒண்ணுன்னா ஒண்ணுமே இல்ல, 1000 மைக்ரோகிராம்ல நூத்துக்கு ஒண்ணுன்னா 10, நாலு நாளைக்குத் தேவையானது. அவ்வளவுதான் சூட்சுமம். மாத்திரைல இருக்கறது புரதத்தோட ஒட்டாத தனி பி12, அதைப் பிரிக்க அமிலமும் வேண்டாம். ஸ்வீடன்ல பல பத்தாண்டா ஊசியை விட மாத்திரைதான் அதிகம் கொடுக்கறாங்க. 2018ல வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், அதிக டோஸ் மாத்திரையும் ஊசியும் ரத்தத்துல பி12 அளவை ஏத்தறதுல கிட்டத்தட்ட ஒண்ணுதான்னு சொல்லுச்சு, அதுல சேத்த ஆய்வுகள் சின்னது, ஆதாரம் அவ்வளவு பலமில்லன்னும் சேத்தே சொல்லுச்சு.

ஆனா எந்த மாத்திரைங்கறதுலதான் மெடிக்கல் ஷாப்ல எல்லாரும் கோட்டை விடறாங்க. "சத்து மாத்திரை குடுங்க"ன்னு கேட்டா பி காம்ப்ளெக்ஸ் கொடுப்பாங்க, பின்னாடி திருப்பிப் படிச்சா பி12 15 மைக்ரோகிராம்னு இருக்கும். 15ல மாமா கூட்டிட்டுப் போறது ஒன்றரை, கூட்டத்துல நுழையறது 0.15. குடல் நல்லா இருக்கறவங்களுக்கு மேல்செலவுக்கு சரி, குறைபாட்டுக்குப் பத்தாது. மாமனார் வருஷக்கணக்கா பி காம்ப்ளெக்ஸ் போட்டுட்டு வந்தவர்தான், 160க்கு வந்தாரு பாருங்க. இன்னொரு பக்கம் "நரம்பு மாத்திரை"ன்னு விக்கறது, அதுல பி12லயே ஒரு வடிவமான மெத்தில்கோபாலமின் 1500 மைக்ரோகிராம் இருக்கும், கூடவே ஆல்ஃபா லிபோயிக் ஆசிட், பி6, சிலதுல பிரிகாபலின்னு நாலஞ்சு இருக்கும். பி6ஐ அதிக டோஸ்ல மாசக்கணக்கா எடுத்தா அதுவே நரம்பைக் கெடுக்கும், மரத்துப் போகும், எந்த வியாதிக்கு எடுக்கறோமோ அந்த வியாதியையே கொடுக்கும். அதனால பி12 மட்டும் தனியா இருக்கற மாத்திரையா கேட்டு வாங்குங்க, மக்கள் மருந்தகத்துல கேட்டீங்கன்னா விலையும் கம்மி.

மெத்தில்கோபாலமினா, பி12லயே இன்னொரு வடிவமான சயனோகோபாலமினான்னு ஒரு சண்டை வேற இருக்கு. சயனோகோபாலமின்ல சயனைடு இருக்குன்னு ஒரு பயமுறுத்தல் வரும், இருக்கு, ஆனா அளவு ஒண்ணுமில்லாதது, நாம சாப்பிடற மரவள்ளிக்கிழங்குலயே சயனைடு சமாச்சாரம் உண்டு. சயனோ விலை கம்மி, வெளிச்சத்துல சீக்கிரம் கெடாது, உலகத்துல பல ஆய்வுகள் அதை வெச்சுதான் நடந்துச்சு. எதை எடுத்தாலும் செல்லுக்குள்ள போனதும் உடம்பு தனக்கு வேணுங்கற வடிவத்துக்கு மாத்திக்கும். நம்ம ஊர்ல கடைக்குப் போனா மெத்தில்தான் கிடைக்கும், அதையே வாங்குங்க, இதுக்காக நாலு கடை அலையற அளவுக்கு வித்தியாசம் இல்ல. நாக்குக்கு அடில வைக்கறதும் முழுங்கறதும் கூட பலன்ல ஒண்ணுதான்.

மாத்திரையோட உண்மையான குறை மறதிதான். மருந்து வேலை செய்யும், ஆனா ரெண்டு மாசத்துல "இப்ப நல்லா இருக்கே"ன்னு நிறுத்திடுவாங்க. நல்லா இருக்கறதுக்குக் காரணமே அதுதான்னு தோணாது. சைவமும் மாறப் போறதில்ல, மெட்ஃபார்மினும் நிக்கப் போறதில்ல, அப்ப மாத்திரையும் நிக்கக் கூடாது. நான் டாக்டர்கிட்ட எத்தனை நாளைக்குன்னு கேட்டதுக்கு அவர் "உங்கம்மா காபிய நிறுத்தறப்போ நிறுத்தலாம்"னாரு. அம்மா காபிய நிறுத்த மாட்டாங்கன்னு அவருக்கும் தெரியும்.

ஊசி. இது வேணுங்கற இடத்துல இதுக்கு மாத்து இல்லன்னுதான் நான் சொல்லுவேன். செருப்பு கழண்டது தெரியாத அளவுக்கு மரத்துப் போச்சுன்னா, நடை தள்ளாடுதுன்னா, கண்ணை மூடிட்டு நின்னா சாய்றாங்கன்னா, ஞாபகம் திடீர்னு குறையுதுன்னா, ரத்தம் ரொம்பக் கீழ போச்சுன்னா, குடல்ல ஆபரேஷன் பண்ணி கடைசிப் பகுதிய எடுத்தவங்க, உடம்பு குறைக்க வயித்துல ஆபரேஷன் பண்ணவங்க, இவங்களுக்கெல்லாம் ஊசிதான் முதல். காரணம் என்னன்னா, நரம்பு விஷயத்துல நாள் கணக்கு முக்கியம், ரொம்ப நாள் விட்டா சரியாகாமலே போகலாம், மாத்திரை ஏறுதா ஏறலையான்னு மூணு மாசம் பாத்துட்டு முடிவு பண்ற சொகுசு அங்க கிடையாது. நேரா உள்ள போகணும், நிச்சயமா போகணும்.

அம்மாவுக்கு ஒன்னு விட்டு ஒரு நாள் ரெண்டு வாரம், அப்புறம் வாரம் ஒண்ணா ஒரு மாசம். பழுப்பு கண்ணாடிக் குப்பில வரும், வெளிச்சம் படக்கூடாதுன்னு, உடைச்சு சிரிஞ்சுல ஏத்தினா ரோஜாப்பூ தண்ணி மாதிரி செவப்பு. எங்க தெருல இருக்கற நர்ஸ் அக்கா வந்து போட்டாங்க, இடுப்புல. "ரத்தத்தையே ஏத்தற மாதிரி இருக்குடி"ன்னு அம்மாவுக்கு ஒரே பெருமை, பக்கத்து வீட்டு மாமிக்கு கூப்பிட்டுக் காட்டினாங்க. கையோட சொல்லணும், ஊசில போடற பெரிய டோஸ்ல நிறைய பங்கு ஒண்ணு ரெண்டு நாள்ல சிறுநீர்லயே போயிடும், அதனால "ரெட்டை டோஸா போடுங்க சிஸ்டர்"ங்கறதுல லாபம் இல்ல. செலவும் மருந்துல இல்ல, ஆட்டோவுலயும் ஆள் கூலிலயும்தான். தனியா இருக்கற பெரியவங்களுக்கு, மாத்திரை போட மறக்கறவங்களுக்கு, மாசம் ஒரு ஊசின்னா ஒருத்தர் வந்து போட்டுட்டுப் போயிடுவாங்க, அந்த வகைல ஊசி நல்லது, வீட்ல பாத்துக்க ஆள் இருந்தா மாத்திரை நல்லது.

மாமனார் தனக்கும் ஊசிதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு, ஊசி போட்டாத்தான் வைத்தியம்ங்கற தலைமுறை. அவருக்கு மரத்துப் போறது இல்ல, நடை சுத்தம், ரத்தம் சரி, ஏதோ கேலிக்கு எடுத்த டெஸ்ட்ல மாட்டினது. டாக்டர் தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்து, அந்த கேஸ் மாத்திரை இன்னும் வேணுமான்னு பாத்துட்டு மெதுவா குறைச்சாரு. மூணாம் மாசம் 410. ஊசி ஒண்ணு கூட இல்ல. இன்னும் அவருக்கு இதுல முழு திருப்தி இல்லங்கறது வேற.

டெஸ்ட் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க. மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்தம் எடுங்க. ஒரு ஊசி போட்டதும் நம்பர் எகிறி 1500, 2000ன்னு காட்டும், அதுக்கு அர்த்தம் கிடையாது, முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு அப்புறம் கண்டுபுடிக்கவே முடியாது. 200க்கும் 300க்கும் நடுவுல வந்து அறிகுறியும் இருந்தா ஹோமோசிஸ்டீன், இல்ல எம்எம்ஏன்னு (மெத்தில்மலோனிக் ஆசிட்) ஒரு டெஸ்ட் எடுத்தா தெளிவாகும், ரெண்டுமே பி12 குறைஞ்சா ஏறும்.

அப்புறம் இந்த ஹீமோகுளோபின். அம்மாவுக்கு 11.8 இருந்துச்சு, அதனாலதான் அந்த கிளினிக்ல "ரத்தமெல்லாம் நல்லா இருக்கு"ன்னு அனுப்பினாங்க. உண்மை என்னன்னா, அம்மா ரொம்ப நாளா இரும்பு-ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட்டுட்டு இருந்தாங்க. ஃபோலிக் ஆசிட் ரத்தசோகையை சரி பண்ணிக் காட்டிடும், நரம்பு சேதத்தை நிறுத்தாது. அதாவது வீடு பத்தி எரியும்போது புகையை மட்டும் வெளிய தெரியாம அடைச்சிடும். ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் இதோட ஒரு வடிவம்தான்) கதையே நம்ம நாட்டுலதான் தொடங்குச்சு, 1920கள் கடைசில பம்பாய்ல மில் தொழிலாளிப் பெண்களுக்கு கர்ப்ப காலத்துல வர்ற ரத்தசோகையை ஆராய லூசி வில்ஸ்னு ஒரு டாக்டரம்மா வந்தாங்க, மார்மைட்ங்கற ஈஸ்ட் பசையைக் கொடுத்து குணப்படுத்தினாங்க, அதுல இருந்ததுதான் ஃபோலேட்னு பின்னாடி தெரிஞ்சுது. பி12ம் ஃபோலேட்டும் ரத்தத்துல ஒரே வேலைல கை கோத்து நிக்கறதாலதான் ஒண்ணு இன்னொண்ணோட குறையை மறைக்குது.

நம்ம ஊர் சம்பந்தமா இன்னொரு சுவாரஸ்யம். வேலூர் சிஎம்சில பேக்கர், மதன் இவங்க குழு 1980ல நேச்சர் பத்திரிகைல ஒரு கட்டுரை போட்டாங்க, தென்னிந்தியர்களோட சிறுகுடல்லயே இருக்கற சில பாக்டீரியா பி12 செய்யுதுன்னு. நம்ம பெருங்குடல் பாக்டீரியா செய்யறது உறிஞ்சற இடத்தைத் தாண்டி இருக்கறதால பிரயோஜனம் இல்ல, சிறுகுடல்ல செஞ்சா உபயோகப்படலாம், அதனால சில சைவர்கள் தாக்குப் பிடிக்கறாங்களோன்னு ஒரு யோசனை. "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சைவம்தான், என்ன ஆச்சு"ன்னு கேக்கறவங்களுக்கு இதுல கொஞ்சம் பதில் இருக்கலாம். ஆனா நம்ம வயித்துல அந்த பாக்டீரியா இருக்கா இல்லையான்னு யாரு பாத்தா, தாத்தா மெட்ஃபார்மினும் சாப்பிடல, கேஸ் மாத்திரையும் சாப்பிடல.

அண்ணன் பையன் வேற, காலேஜ்ல சேந்ததும் வீகன் ஆயிட்டான், பாலும் கிடையாது. அவனுக்கு 260. அவன் வயசுக்கு குடல் நல்லா இருக்கும், அவனுக்கு ஊசியெல்லாம் தேவையே இல்ல, ஆனா மாத்திரை கட்டாயம், வீகன்னா இதுல விலக்கே கிடையாது. சோயா பால், ஈஸ்ட் துகள்ல பி12 சேத்திருக்கான்னு லேபிள் படிக்கணும், சேத்தாத்தான் இருக்கும். அவன் ஆர்வக் கோளாறுல தினம் 1500 போட்டு மூஞ்சில பரு வந்துடுச்சு, அதிக டோஸ் பி12ல சிலருக்கு பரு வரும்ங்கறது தெரிஞ்ச விஷயம்தான், டாக்டர் டோஸைக் குறைச்சதும் அடங்கிடுச்சு.

எங்க அண்ணிதான் எனக்கு ரொம்பக் கவலை கொடுத்தது, ஏன்னா யாரும் அவங்களைப் பத்திப் பேசவே இல்ல. ரெண்டாவது குழந்தைக்கு எட்டு மாசம், தாய்ப்பால் குடிக்குது. அண்ணி கல்யாணத்துக்கு அப்புறம் எங்க வீட்டோட சேந்து சைவம் ஆனவங்க, முட்டை சாப்பிடுங்கன்னு அம்மாவுக்கு அவங்க சொன்னது கூட தனக்காகத்தானோன்னு இப்ப தோணுது. தாய்க்கு பி12 இல்லன்னா பாலுலயும் இருக்காது, குழந்தைக்கு சேமிப்பும் கிடையாது. அப்படிப்பட்ட குழந்தைங்க மந்தமா ஆகி, கத்துக்கிட்ட தலை நிக்கறது சிரிக்கறதெல்லாம் மறந்து, கை கால் நடுக்கம் வரைக்கும் போகும், நம்ம நாட்டுல குழந்தை டாக்டர்களுக்கு நல்லா தெரிஞ்ச வியாதி அது. பெரியவங்க மாதிரி இங்க ரெண்டு மாசம் யோசிக்கறதுக்கெல்லாம் நேரம் இல்ல. அண்ணிக்கு அன்னிக்கே டெஸ்ட் எடுத்து, 190 வந்து, மாத்திரை ஆரம்பிச்சாச்சு, குழந்தையையும் டாக்டர் பாத்துட்டு நல்லா இருக்குன்னாரு. கர்ப்பமா இருக்கற, பால் கொடுக்கற சைவப் பொம்பளைங்க இதைப் படிச்சா, இரும்பு மாத்திரையோட பி12ம் கேளுங்க.

அம்மா இப்ப ஊசி முடிச்சு தினம் 1000 மாத்திரைல இருக்காங்க, டாக்டர் சொல்லி பிரிகாபலினையும் படிப்படியா குறைச்சாச்சு, பகல்ல தூங்கறதில்ல. முதல் மாசம் எரிச்சல் கொஞ்சம் கூடின மாதிரியே இருந்துச்சு, பயந்துட்டோம், நரம்பு முழிச்சுக்கும்போது சிலருக்கு அப்படி இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. ரத்த சம்பந்தமானது எட்டு வாரத்துக்குள்ள நிமிரும், நரம்புக்கு ஆறு மாசம் ஒரு வருஷம் கூட ஆகும், சுகர்னால கெட்டது எவ்வளவு பி12னால கெட்டது எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல முடியாது, அதனால முழுசா சரியாகுமான்னு அவரும் சத்தியம் பண்ணல.

நாலாவது மாசம் ஒரு நாள் சாயங்காலம் கோயிலுக்குப் போயிட்டு வந்து வாசப்படில உக்காந்து செருப்பை உதறிட்டு இருந்தாங்க. என்னம்மான்னேன். "கடைத்தெருவுலேருந்து உறுத்திக்கிட்டே வருதுடி, சனியன்"னு ஒரு மிளகு அளவு கல்லை எடுத்துக் காட்டினாங்க. சுண்டு விரல் மட்டும் இன்னும் மரத்துதான் இருக்காம்.